பிறப்பிடம்: சொர்க்கம்

ஏப்ரல் 3, வியாழன்

இந்த டைரியில் இன்றைக்குப் புதன் என்று அச்சடித்திருக்கிறது. போன வருஷத்து டைரி. ஒரு கப்பல் கம்பெனி அம்மாவுக்குக் கொடுத்தது, அம்மா எனக்குத் தள்ளிவிட்டாள். "கிழமைய அடிச்சு எழுதிக்கோ, தேதியெல்லாம் சரியாத்தான் இருக்கு" என்றாள். ஆக, தினமும் பொய்க் கிழமை சொல்லும் ஒரு புத்தகத்தில் நான் உண்மையை எழுத வேண்டுமாம். முயற்சி செய்கிறேன்.

பெயர் டெல்ஃபின். வயது பதினாறு. ஊர் தூத்துக்குடி. பிளஸ் ஒன் பரீட்சை முடிந்து என் வகுப்பே மணப்பாடு, கொடைக்கானல் என்று சிதறிவிட்டது. எனக்கு மட்டும் அம்மாவின் ஆபீஸில் கடுங்காவல். குற்றம்: பிளஸ் டூ அக்காக்களின் வழியனுப்பு விழாவில் தலைமை ஆசிரியை சிஸ்டருக்குப் போர்த்திய பொன்னாடையின் முதுகுப் பக்கத்தில் "பழைய ஸ்டாக். 40% தள்ளுபடி" என்று ஒரு சீட்டைக் குத்தி வைத்தது. சிஸ்டர் அந்தச் சீட்டோடு ஒன்றரை மணி நேரம் மேடையில் இருந்தார். அதில் நாற்பது நிமிடம் ஒழுக்கத்தைப் பற்றிப் பேசினார்.

அம்மாவின் தீர்ப்பு ஒரே வரி: "துணியில சீட்டு குத்துறதுக்கு அவ்ளோ ஆசைன்னா ஆபீஸுக்கு வாட்டி. அங்கன துணியும் சீட்டும் தவிர வேற ஒண்ணும் கெடையாது."

அப்பா கப்பலில் இன்ஜினியர். இப்போது எங்கோ பிரேசில் பக்கம். மேல்முறையீட்டுக்கு சிக்னல் கிடைக்கவில்லை.

ஏப்ரல் 4, வெள்ளி

அம்மா கஸ்டம்ஸ் புரோக்கர். வெளிநாட்டில் இருந்து சரக்கு வரவழைப்பவர்களுக்காக, இது இன்ன சரக்கு, இன்ன நாட்டில் பிறந்தது என்று சுங்கத்துறைக்கு எழுதிக் கொடுத்து, வரி கட்டவைத்து, சரக்கைத் துறைமுகத்தில் இருந்து வெளியே எடுத்துக் கொடுக்கும் வேலை. எழுதியது தப்பாக இருந்தால் சரக்குக்காரருக்கும் உதை, அம்மாவுக்கும் உதை.

அந்த லைசென்ஸ் கண்ணாடி போட்டுச் சுவரில் தொங்குகிறது. தினமும் காலையில் வந்ததும் அம்மா முதலில் அதைத்தான் துடைக்கிறாள். மாதா படத்துக்கு இரண்டாவது இடம். லைசென்ஸ் பரீட்சையில் இரண்டு தடவை தோற்று மூன்றாவது தடவை பாஸாம். அந்த மூன்றாவது தடவை நான் வயிற்றில் இருந்தேன். எனவே பாதி லைசென்ஸ் என்னுடையது என்று கேட்டுப் பார்த்தேன். "நீ இருந்ததாலதான் ரெண்டு மார்க் கொறஞ்சிச்சு" என்றாள்.

ஆபீஸில் இன்னொரு ஆள் சுடலைமணி அண்ணன். கிளார்க், டிரைவர், டீ மாஸ்டர், மூன்றும் அவரே. இன்று அவர்தான் எனக்குச் சரக்கு வகைப்படுத்தும் புத்தகத்தைக் காட்டினார். உலகத்தில் உள்ள எல்லாச் சாமானுக்கும் எட்டு இலக்க எண் உண்டு. அந்த எண்ணுக்கு ஏற்றபடி வரி. படுக்கை விரிப்புக்கு ஒரு எண். கட்டிலுக்கு மேலே அழகுக்குப் போடும் விரிப்புக்கு வேறு எண்.

"அண்ணே, மேல படுத்தா ஒரு நம்பர், படுக்காம பாத்துக்கிட்டே இருந்தா இன்னொரு நம்பரா?"

"ஆமா பாப்பா."

"படுத்துக்கிட்டே பாத்தா?"

"அப்ப அப்ரைசர் வந்து முடிவு பண்ணுவாரு" என்றார், முகத்தில் ஒரு கோடுகூட அசையாமல். அப்ரைசர் என்றால் சரக்கைப் பார்த்து மதிப்பிடும் சுங்க அதிகாரியாம். இவரிடம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

போர்வைக்கு ஒரு எண், திரைச்சீலைக்கு ஒரு எண், குளியல் துண்டுக்கு ஒரு எண். பஞ்சு அடைத்த ரஜாய் மட்டும் துணிக் குடும்பத்திலேயே இல்லை. அது மேசை நாற்காலி அத்தியாயத்தில் போய் உட்கார்ந்திருக்கிறது, பணக்கார வீட்டில் கல்யாணம் ஆகிப் போன தங்கச்சி மாதிரி. எதிலும் சேராதது எல்லாவற்றுக்கும் கடைசியில் "இதர" என்று ஒரு வரி இருக்கிறது. என் ராங்க் கார்டை நினைத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 5, சனி

சுடலைமணி அண்ணன் முதுகில் "தேயிலை அல்லாத இதர பானம் தயாரிக்கும் இயந்திரம்" என்று சீட்டு ஒட்டினேன். மத்தியானம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு அதோடேயே திரும்பி வந்தார். தெரிந்தே ஒட்டிக்கொண்டு திரிகிறாரா என்று தெரியவில்லை.

ஏப்ரல் 7, திங்கள்

கஸ்பார் மாமா வந்தார்! அம்மாவின் ஒரே தம்பி. எங்கள் குடும்பத்தில் என் கட்சியில் இருக்கும் ஒரே ஆள். நான் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை விழாவுக்கு எல்லோரும் ஜெபமாலை கொடுத்தபோது ரப்பர் கரப்பான்பூச்சி கொடுத்தவர். அது இப்போதும் என் பென்சில் பெட்டியில் இருக்கிறது.

மாமா பாளை ரோட்டில் கடை திறக்கப் போகிறார். மெத்தை விரிப்பு, தலையணை உறை, துண்டு. முதல் கண்டெய்னர் கொழும்பில் இருந்து பத்தொன்பதாம் தேதி வருகிறது. சாம்பிளுக்கு மூன்று விரிப்புகள் கொண்டுவந்திருந்தார். ஓரத்தில் சின்னதாக ஸ்ரீலங்கா லேபிள். அந்த நாட்டுச் சரக்கு என்றால் வரியில் சலுகை உண்டாம். அதற்கு அங்கேயிருந்து ஒரு பிறப்பிடச் சான்றிதழும் வந்திருக்கிறது, மூன்று முத்திரையோடு.

அம்மா சான்றிதழை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"துணி எங்கனல நெய்தது?"

"அங்கனயேதான் யக்கா. நெய்தது, வெட்டுனது, தச்சது, எல்லாம்."

"ஏன் கேக்கேன்னா, வேற எங்கயோ தச்சத கொழும்புல வச்சு மடிச்சு லேபிள் குத்துனா அது கொழும்புச் சரக்கு ஆவாது. தெரியும்லா?"

"யக்கா, நான் என்ன சின்னப்பிள்ளையா?"

அம்மாவின் டீ சாஸருக்குள் அந்த நேரத்தில்தான் என் பென்சில் பெட்டியில் இருந்து எடுத்த ரப்பர் கரப்பான்பூச்சியை மாமா வைத்துக்கொண்டிருந்தார். நான் சிரிப்பை அடக்கியதில் எனக்கு விக்கல் வந்துவிட்டது.

"என் கையெழுத்து போட்டு ஃபைல் பண்ணுதேன் கஸ்பார். அதுல ஒண்ணு தப்பாச்சுன்னா அந்தா தொங்குதுல்லா, அத கழத்திருவாவ" என்று அம்மா சுவரைக் காட்டினாள்.

"கழத்துனா சொல்லு, ஆணி நான் எடுத்துக்கிடுதேன்" என்றார் மாமா. அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவளைச் சிரிக்க வைக்க உலகத்தில் இவர் ஒருவரால்தான் முடியும்.

ஏப்ரல் 9, புதன்

சாம்பிள் மூன்றும் அலமாரியில் இரண்டு நாளாகச் சும்மா கிடந்தன. சும்மா கிடப்பதைப் பார்த்தால் எனக்குக் கை அரிக்கும்.

செய்முறை (என் வாரிசுகளுக்காக): துணி லேபிளை வெறுமனே வெட்டக்கூடாது. விரிப்பின் ஓரத்தை மடித்துத் தைக்கும்போதே லேபிளை மடிப்புக்குள் சொருகித்தான் ஃபேக்டரியில் தைப்பார்கள். வெட்டினால் அதன் நுனி மடிப்புக்குள்ளேயே மாட்டிக்கொண்டு காட்டிக்கொடுக்கும். அதனால் பிளேடால் ஒரு அங்குலம் தையலைப் பிரித்து, பழையதை முழுசாக உருவி, புதியதைச் சொருகி, அதே ஊசித் துளைகளில் திரும்பத் தைக்க வேண்டும். நான் இடது கைக்காரி, என் தையல் லேசாக இடப்பக்கம் சாயும். மற்றபடி யாருக்கும் தெரியாது.

புது லேபிள்கள் நாடாத் துணியில் மார்க்கரால் நானே எழுதியவை.

முதல் விரிப்பு: "பிறப்பிடம்: சொர்க்கம். தேவதைகளால் நெய்யப்பட்டது."
இரண்டாவது: "துவைக்காதீர். கூச்ச சுபாவம்."
மூன்றாவது: "இதில் படுத்துக்கொண்டே பார்த்தால் அப்ரைசரை அழைக்கவும்."

ஒரு வேடிக்கை. முதல் விரிப்பைப் பிரிக்கும்போது அந்த இடத்தில் மட்டும் நூல் வேறாக இருந்தது. ஓரம் முழுக்கப் பழுப்பு நூல், லேபிள் இருந்த ஒரு அங்குலத்துக்குப் பளீர் வெள்ளை. எனக்கு முன்னாலேயே யாரோ இங்கே ஆபரேஷன் செய்து தையல் போட்டிருக்கிறார்கள்! கொஞ்சம் தள்ளிப் பிரித்தால் உள்ளே ஒரு துண்டு மாட்டியிருந்தது. வேறொரு லேபிளை ஒட்ட வெட்டிய நுனி. சிவப்பு எழுத்தின் அடிப்பாகம். ஆங்கில ஏ எழுத்தின் இரண்டு கால் மட்டும். சோம்பேறிகள், உருவாமல் வெட்டியிருக்கிறார்கள். இரண்டாவதிலும் அதே கதை. மூன்றாவதிலும்.

ஸ்ரீலங்காவும் ஏ-யில் முடிகிறது, சைனாவும் ஏ, இந்தியாவும் ஏ. உலகமே ஏ. நுனிகளில் ஒன்றை இந்தப் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன். மற்ற இரண்டும் குப்பைக்கு.

ஏப்ரல் 10, வியாழன்

கடவுளே.

ஏப்ரல் 11, வெள்ளி

நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை. டைரியும் நானும் இருவேறு அறைகளில் அடைக்கப்பட்டிருந்தோம்.

நடந்தது இது. அம்மா அந்தச் சாம்பிள்களை எடுத்துக்கொண்டு கஸ்டம்ஸ் ஆபீஸுக்குப் போயிருக்கிறாள். சுங்கத்துறைக்குச் சரக்கு விவரம் எழுதிக் கொடுக்கும் பில்லைப் போடும் முன்னால், இது படுக்கை விரிப்பா அழகு விரிப்பா என்று அப்ரைசரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம் என்று. அப்ரைசர் ஞானதீபன் சார் விரிப்பைப் புரட்டி, லேபிளைப் பார்த்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, சத்தமாக வாசித்திருக்கிறார். "பிறப்பிடம் சொர்க்கம்." வரிசையில் நின்ற ஆறு புரோக்கர்கள் சிரித்திருக்கிறார்கள். சுடலைமணி அண்ணன் கூட நின்றாராம். "நான் சிரிக்கல பாப்பா" என்றார். நம்பவில்லை.

அப்ரைசர் மட்டும் சிரிக்கவில்லையாம். "மேடம், உங்க ஆபீஸ்ல லேபிள் மாத்துற அளவுக்கு ஆள் வச்சிருக்கீங்க. அப்ப கண்டெய்னர் வரட்டும், நல்லா பிரிச்சே பாத்துருவோம்."

அம்மா வீட்டுக்கு வந்து கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. கைப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "பதினாறு வருசமா அந்தக் கவுண்டர்ல நான் குடுக்குற தாள யாரும் ரெண்டாவது வாட்டி பாத்ததில்ல. நேத்து வரைக்கும்."

அப்புறம் குளிக்கப் போய்விட்டாள். ரொம்ப நேரம் தண்ணீர் ஓடியது.

ஏப்ரல் 12, சனி

தண்டனை: ஒரிஜினல் ஸ்ரீலங்கா லேபிள்களை நானே திரும்பத் தைக்க வேண்டும். தைத்தேன். எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. தையல் வழக்கம்போல இடப்பக்கம் சாய்ந்தது, அவ்வளவுதான்.

மாமாவுக்கு போனில் விஷயம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரிப்பார் என்று நினைத்தேன். சிரித்தார்தான். ஆனால் கொஞ்சம் லேட்டாக, சிக்னல் சரியில்லாத வீடியோ கால் மாதிரி. "கண்டெய்னர பிரிச்சுப் பாப்பாவளாமா? எத்தனை பெட்டி?" என்று இரண்டு தடவை கேட்டார்.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை ஒன்று, ஆபீஸ் லீவு. மாமா வீட்டுக்கு வந்தார். அம்மா அடுப்படியில் இருந்தாள். என்னை மொட்டைமாடிக்குக் கூப்பிட்டார்.

"மருமவளே, அந்த விரிப்புல உள்ளார ஏதாச்சும் பாத்தியா?"

"பாத்தேன் மாமா. ஏற்கெனவே யாரோ பிரிச்சிருக்காவ. வெள்ளை நூலு. பழைய லேபிள் நுனி."

மாமா தலையைச் சொறிந்தார். "அது ஃபேக்டரியில வர்ற சின்ன மிஸ்டேக். அத போய் உங்கம்மாட்ட சொன்னா பெருசாக்குவா. கேளு. நாளைக்கு யாராவது இத எவன் பிரிச்சதுன்னு கேட்டா, எல்லாம் நான்தான்னு சொல்லிரு. நீ பிரிச்சது ஊருக்கே தெரியும்லா. சின்னப்பிள்ள சேட்டைன்னு விட்ருவாவ. நம்ம ரெண்டு பேருக்குள்ள ஒரு வெளையாட்டு."

"நான் மூணுதான மாமா பிரிச்சேன்? கண்டெய்னர்ல எத்தனை இருக்கு?"

"ரெண்டாயிரத்து நானூறு" என்று வாய் தவறிச் சொன்னவர் உடனே என் தலையில் குட்டி, "ஏட்டி, நீ கணக்குல ஃபெயில்தான?" என்றார்.

நான் சரி என்று சொல்லிவிட்டேன். அவர் எனக்கு எவ்வளவோ முறை பொய் சொல்லி உதவியிருக்கிறார். சிஸ்டர் விவகாரத்தில்கூட என் பெரியப்பா என்று சொல்லிக்கொண்டு பள்ளிக்கு வந்தவர். ஒன்றுக்கு ஒன்று. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? நான் யோசிக்கவில்லை. மொட்டைமாடியில் துணி காய்ந்திருந்தது, எடுத்து மடித்தேன். எல்லாத் துணியின் ஓரத்தையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வெறும் பழக்கதோஷம்.

ஏப்ரல் 15, செவ்வாய்

சுடலைமணி அண்ணனிடம் சும்மா கேட்பது போலக் கேட்டேன்.

"அண்ணே, ஒரு புரோக்கர் தெரியாமத்தான் பிறப்பிடத்த தப்பா எழுதிட்டாருன்னு வைங்க. என்ன ஆவும்?"

"தெரியாமன்னு யாரு நம்புவா? அதுவும் சரக்கு சொந்தத் தம்பியோடதுன்னா" என்றார். நான் தம்பி என்று சொல்லவே இல்லை. அவர் டீ கிளாஸைக் கழுவிக்கொண்டே பேசினார். "பின்னாடி தெருவுல ஒரு போர்டு இருந்துச்சு பாப்பா, பச்ச கலர்ல. லைசென்ஸ சஸ்பெண்ட் பண்ணாவ. அந்த மனுசன் இப்ப மச்சான் கடையில கல்லாவுல இருக்காரு. போர்ட கழத்துன எடம் மட்டும் செவுத்துல வெள்ளையா கெடக்கு. அத பாக்கக்கூடாதுன்னே சுத்திப் போறாரு."

மாலையில் அந்தத் தெரு வழியாகத்தான் வீட்டுக்குப் போனேன். வழக்கமான வழி இல்லை. சும்மாதான்.

ஏப்ரல் 16, புதன்

அம்மா நாளைக்கு பில் போடுகிறாள். அடுத்த நாள் பெரிய வெள்ளி, அப்புறம் கப்பல் வந்துவிடும். எல்லாம் டைப் செய்தாயிற்று. "பிறந்த நாடு" என்ற கட்டத்தில் ஸ்ரீலங்கா. அனுப்பும் பட்டனை இன்னும் அழுத்தவில்லை.

இன்று ஒரு சேட்டையும் செய்யவில்லை. அம்மா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

ஏப்ரல் 17, பெரிய வியாழன்

காட்டிக்கொடுப்பதற்கு உலகத்திலேயே மிகப் பொருத்தமான நாள் இதுதான். யூதாஸுக்காவது முப்பது வெள்ளிக்காசு கிடைத்தது.

பதினோரு மணிக்கு மாமா வந்தார். கையில் புத்தம்புது சாம்பிள், பிளாஸ்டிக் உறையோடு, ஒட்டுக்கூடப் பிரிக்காமல். "யக்கா, பழசத்தான் இவ நாசம் பண்ணிட்டால்லா, கண்டெய்னர்ல வர்ற அதே சரக்குதான் இதுவும். அப்ரைசர்ட்ட இத காட்டிரு." என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

அம்மா கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினாள். கண்ணாடியை மூக்கில் ஏற்றினாள். அவள் விரல் போவதைப் பார்த்தேன்.

"அம்மா, ஒரு நிமிசம்."

"என்னட்டி?"

"அழுத்தாத."

டைரியைத் திறந்து ஒன்பதாம் தேதிப் பக்கத்தை நீட்டினேன். நுனி ஒட்டியிருந்தது. மூன்று விரிப்பிலும் இது இருந்தது, எனக்கு முன்னாலேயே யாரோ பிரித்திருக்கிறார்கள், வெள்ளை நூல் என்னுடையது இல்லை, என் தையல் இடப்பக்கம் சாயும், அது நேராக மெஷினில் போட்டது. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். மாமா கேட்டுக்கொண்டதையும் சொன்னேன். அதைச் சொல்லும்போது மட்டும் மேசை மேல் இருந்த ஸ்டேப்ளரைப் பார்த்தேன்.

மாமா சிரித்தார். "யக்கா, இவ பேச்ச கேக்குறியா? சிஸ்டர் முதுகுலயே தள்ளுபடி குத்துனவ! பிரிச்சதும் இவ, நுனி கண்டுபிடிச்சதும் இவளா? அடுத்து இவளே போலீஸு, இவளே ஜட்ஜு."

அவர் சொன்னது நியாயம். அதுதான் கொடுமை. நானாக இருந்தாலும் என்னை நம்பியிருக்க மாட்டேன்.

"இவ்ளோ நேரம் உங்க கையில இருந்துச்சுல்லா மாமா, அந்தப் பாக்கெட்டு. அத நான் தொடவே இல்ல."

அம்மா பட்டனில் இருந்து விரலை எடுத்தாள்.

"சுடலைமணி, கத்திரி" என்றாள் அம்மா. நான் எழுந்தேன். "நீ தொடாத. கைய பின்னால கட்டிக்கிட்டு அங்கன நில்லு."

"யக்கா, புது சாம்பிள எதுக்கு..."

அம்மா உறையை வெட்டினாள். விரிப்பின் ஓரத்தைத் தடவிக்கொண்டே போய் லேபிளில் நின்றாள். அம்மாவுக்கு ஒரு பட்டன் தைக்கக்கூட வராது. பிரிக்கிறேன் என்று விரிப்பைக் கொலையே செய்தாள். பழுப்பு நூல், பிறகு வெள்ளை நூல். மடிப்புக்குள் நகத்தை விட்டு இழுத்தாள். சிவப்பு நுனி வந்தது. இது அவ்வளவு ஒட்ட வெட்டப்படவில்லை. ஏ மட்டும் இல்லாமல், அதற்கு முன்னால் உள்ள மூன்று எழுத்தின் பாதியும் இருந்தது. சைனாவைப் பாதியாக வெட்டினாலும் சைனாதான்.

அதை எடுத்து என் டைரியில் இருந்த நுனிக்குப் பக்கத்தில் வைத்தாள். ஒரே சிவப்பு.

மாமா உட்கார்ந்துவிட்டார். "கொழும்புல உள்ள ஏஜென்ட்தான் யக்கா... எல்லாரும் செய்யுறதுதான்னு சொன்னான். வெறும் லேபிள்தான, யாருக்கு என்ன நட்டம்னு..."

"நீ எங்கிட்ட பொய் சொன்னதுகூட போவட்டும் கஸ்பார். அஞ்சு வயசுல இருந்து சொல்லிட்டுதான் இருக்க. எம்பிள்ளைய சொல்ல வைக்கப் பாத்தேல்லா." அம்மா குரலை உயர்த்தவே இல்லை. "அவ சேட்டைய எடுத்து உன் திருட்டுக்குப் போர்த்திக்கிட்டேல்லா."

மாமா என்னைப் பார்த்தார். ஏதாவது ஜோக் சொல்வார் என்று காத்திருந்தேன். எழுந்து போய்விட்டார். செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு போனார், ஒரு கால் சுடலைமணி அண்ணனுடையது.

அம்மா அந்தக் கட்டத்தில் இருந்த ஸ்ரீலங்காவை ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள்.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

இன்று சிரிக்கக்கூடாத நாள். வசதியாகப் போயிற்று.

ஏப்ரல் 20, ஈஸ்டர் ஞாயிறு

பிரியாணி. அம்மா நான்கு தட்டு வைத்தாள். நாங்கள் இரண்டு பேர், சுடலைமணி அண்ணன் வழக்கமான விருந்தாளி. நான்காவது தட்டைப் பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லை. கண்டெய்னர் நேற்று இறங்கிவிட்டதாம், துறைமுக யார்டில் நிற்கிறதாம். சுடலைமணி அண்ணன் ஒற்றைச் செருப்புப் பிரச்சினையை எடுத்தார். அம்மா சிரிக்கவில்லை. கறி நன்றாகத்தான் இருந்தது, எனக்குத்தான் பசி இல்லை. மத்தியான வெயில்.

ஏப்ரல் 22, செவ்வாய்

வந்தார். மாமாதான். ஷேவ் செய்யவில்லை. சுடலைமணி அண்ணனின் செருப்பை ஒரு துணிப்பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார்.

"எழுது யக்கா. சைனா."

"முழு வரி."

"ம்."

"சான்றிதழ் பொய், லேபிள் பொய்னு நீயே அப்ரைசர்ட்ட நின்னு சொல்லணும். என்ன தண்டனைன்னு அவுக சொல்லட்டும். நான் கூட வாரேன். ஆனா பேச மாட்டேன்."

"கடை தெறக்குறது தள்ளிப் போவும்."

"போவட்டும்."

அம்மா டைப் செய்தாள். அந்தக் கட்டத்தில் அவள் சைனா என்று எழுதும்போது நான் எட்டிப் பார்த்தேன். ஏ-யில்தான் முடிந்தது.

போகும்போது மாமா என் நாற்காலி பக்கத்தில் நின்றார். நான் புத்தகத்தில் குளியல் துண்டின் எண்ணைத் தேடிக்கொண்டிருந்தேன். மிக முக்கியமான எண். அவர் போகும்வரை கிடைக்கவில்லை.

ஏப்ரல் 25, வெள்ளி

அப்ரைசர் சொல்லிவிட்டார். அபராதம் தனி. அதோடு, பொய் லேபிளோடு ஒரு விரிப்புகூட யார்டைவிட்டு வெளியே போகக்கூடாது. இரண்டாயிரத்து நானூறையும் பிரித்து, சரியான நாட்டின் பெயரைத் தைத்து, அவர் பார்த்த பிறகுதான் சரக்கு விடுதலை. அம்மாவின் தாளை மட்டும் வாங்கி, ஒரு தடவை பார்த்துக் கையெழுத்துப் போட்டாராம். இரண்டாவது தடவை பார்க்கவில்லை. அம்மா இதைச் சொன்னபோது லைசென்ஸ் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். காலையிலேயே ஒரு தடவை துடைத்தாயிற்று.

தையல்கார அக்காமார் நாளையில் இருந்து. அவர்களை மேய்க்க மாமாவுக்கு முதலில் பிரிக்கத் தெரிய வேண்டுமே! எனக்குப் பதினெட்டு ஆகாததால் யார்டுக்குள் விடமாட்டார்கள். அதனால் ஆபீஸ் மேசையிலேயே, பழைய சாம்பிள்களை வைத்து வகுப்பு. மாணவர் மிக மோசம். முதல் விரிப்பில் ஓட்டை. இரண்டாவதில் விரலில் பிளேடு.

"வெட்டக்கூடாது மாமா. உருவணும். வெட்டுனா உள்ள நிக்கும்."

"தெரியும்."

"இப்ப தெரியும்."

கொஞ்ச நேரம் பிரித்தார். நிமிராமலே கேட்டார். "மருமவளே, எம்மேல கோவமா?"

"இன்னும் ரெண்டாயிரத்து நானூறும் அப்படியே இருக்கு மாமா. முடிங்க, பாப்போம்."

அவர் தண்ணீர் குடிக்கப் போனபோது டம்ளருக்குள் ரப்பர் கரப்பான்பூச்சி கிடந்தது. அலறலில் சுடலைமணி அண்ணன் டீயைக் கொட்டிவிட்டார். இதை யாரும் மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அது பென்சில் பெட்டியில் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

ஏப்ரல் 27, ஞாயிறு

பூசை முடிந்து வந்து மத்தியானம் படுத்தேன். கன்னத்தில் ஏதோ குத்தியது. தலையணை உறையின் ஓரத்தில் ஒரு வெள்ளை நாடாத் துண்டு. என் மார்க்கரில், அம்மாவின் பில் போடும் கையெழுத்தில்:

"பிறப்பிடம்: நான். சான்றிதழ் வேண்டாம்."

வெள்ளை உறையில் கறுப்பு நூல். நான்கு இடத்தில் கோணல், ஓரிடத்தில் முடிச்சு, ஒரு மூலையில் ரத்தமா தேநீரா என்று சொல்ல முடியாத ஒரு புள்ளி. இவ்வளவு அசிங்கமான தையலை நான் வாழ்க்கையில் பார்த்ததில்லை. பிளேடு மேசை மேல்தான் இருந்தது, கை நீட்டினால் எட்டும்.

பிரிக்கவில்லை. கன்னத்தை அதன் மேலேயே வைத்துப் படுத்துக்கொண்டேன்.